உதிரிப்பாகம் பிறந்த கதை

எங்கள் ஊர்ச் சந்தியிலே துவிச்சக்கர வண்டிகள் திருத்தும் கடை ஒன்று உண்டு. அக்கடையின் கூரை வளையில் பழைய வண்டியொன்றின் சட்டம் நெடுங்காலமாகத் தொங்கிக்கொண்டிருக்கின்றது. துருவேறிய அச்சட்டத்தின் கழுத்துப் பாகத்தில் ஒரு சின்னம் இன்னும் அழியாமல் இருக்கின்றது. மூன்று துப்பாக்கிகள், வயலில் வைக்கோற் கற்றைகளை முட்டுக்கொடுத்து நிறுத்துவது போல, ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தப்பட்டுள்ளன. அதன் அருகே பீ. எஸ். ஏ. என்னும் மூன்றெழுத்து. சில காலத்துக்கு முன் அக்கடையில் நான் காத்திருந்தபோது, எங்கள் பாடசாலையில் எட்டாம் வகுப்பிற் படிக்கும் பையன் ஒருவன் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சேர், சைக்கிளிலை ஏன் துவக்குப் படம் போட்டிருக்கு?" என்று கேட்டான்.

கேள்வி சிறிது, விடையோ ஏறக்குறைய நூறாண்டு வரலாறு. கடைக்காரர் பெட்டியிலிருந்து ஓர் உதிரிப்பாகத்தை எடுத்துப் பூட்டி முடிக்கும் நேரத்தில் அதைச் சொல்லிமுடிக்க என்னால் இயலவில்லை. ஆதலால் நேயர்களுக்கு இன்று அதைச் சற்று விரிவாகச் சொல்ல விழைகின்றேன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போமாயின், அதன் உயிர் பூட்டு என்று சொல்லப்படும் பொறியிலே இருப்பதைக் காணலாம். குழலும் மரக்கட்டையும் வெறும் உடலே. பூட்டில் குதிரை என்னும் உறுப்பு உண்டு. அதன் வாயிற் சக்கிமுக்கிக் கல் கவ்வப்பட்டிருக்கும். உள்ளே வலிய தட்டைவில் ஒன்று. விசையை இழுத்தால் வில் குதிரையை முன்னே தள்ள, கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி பறக்கும். பொறி மருந்திற் பட்டு வெடிக்கும். இத்தனையும் நிகழ்வதற்கு வில்லும், கொக்கியும், திருகாணியும், தகடுமாக ஏறக்குறைய இருபது சிற்றுறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்றல் வேண்டும். வில் முறிந்துவிட்டாலோ துப்பாக்கி ஊன்றுகோலாகும், முனையிற் கத்தி செருகியிருந்தால் ஈட்டியாகும், அவ்வளவுதான்.

வில் முறிவதும், எஃகுத் தகடு தேய்வதும், திருகாணி கழன்று தொலைவதும் அன்றாட நிகழ்ச்சிகள். மழையும் சேறும் மருந்துக் கரியும் இரும்பை அரிக்கும். அப்படியாயின் முறிந்த வில்லுக்குப் பதில் வேறொரு வில்லைக் கையிருப்பில் வைத்திருந்தாற் போதாதோ என்று நாம் இன்று எண்ணுவோம். போதாது. ஒரு துப்பாக்கியின் வில் மற்றொரு துப்பாக்கிக்குப் பொருந்தாது என்பதே அக்காலத்து நிலைமை. அரசின் மாதிரியைப் பார்த்தே கம்மியர் துப்பாக்கி செய்தனர். பத்தடி தள்ளி நின்று பார்ப்பவனுக்கு ஆயிரம் துப்பாக்கிகளும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் ஒவ்வொரு பூட்டும் ஒவ்வொரு கம்மியன் கையில் அரத்தால் ராவி ராவி இணக்கப்பட்டது. இந்தக் கொக்கிக்கு இந்தத் துளை, இந்தத் துளைக்கு இந்தத் திருகாணி என்று அவை தமக்குள்ளேதான் பொருந்தும். மென்மையாய் இருக்கும்போது இணக்கிய உறுப்புகளைப் பின்னர் உலையிற் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துக் கடினமாக்கும்போது அவை சற்று முறுகவும் செய்யும். அதனால், பிரித்த உறுப்புகள் வேறு பூட்டின் உறுப்புகளோடு கலந்துவிடாதிருக்க, ஒவ்வொன்றிலும் சிறு கீறலோ எண்ணோ இட்டு வைப்பது கம்மியர் வழக்கம். பழைய துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்ப்போர் அக்குறிகளை இன்றும் காண்கின்றனர்.

நம் நாட்டிலும் நிலைமை வேறன்று. போர்த்துக்கேயரிடமிருந்து கற்ற துப்பாக்கித் தொழிலில் சிங்களக் கம்மியர் விரைவிலே தேர்ச்சி பெற்றுவிட்டனர். ஐரோப்பியத் துப்பாக்கிகளில் வலப்பக்கம் இருக்கும் பூட்டை இவர்கள் பெரும்பாலும் இடப்பக்கம் அமைத்தனர். தந்தமும் வெள்ளியும் இழைத்து அழகும் செய்தனர். கண்டி மன்னர் காலத்து அத்தகைய துப்பாக்கி ஒன்றின் வேலைப்பாட்டை வியக்கலாம். அதன் வில்லை எடுத்து அடுத்த துப்பாக்கியில் மாட்ட மட்டும் முடியாது.

ஒரு வேடனுக்கு இது பெருங் குறையன்று. கம்மாலைக்குப் போவான், கொல்லன் புது வில் அடித்து, வளைத்து, பதம் பார்த்துக் கொடுப்பான். படைக்கோ அப்படியன்று. போர்க்களத்தில் ஆயிரம் துப்பாக்கி பழுதானால், ஆயிரத்தையும் வண்டியிலேற்றித் தொலைவிலுள்ள பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அல்லது உலைக்களத்தையும் கைதேர்ந்த கம்மியரையும் படையோடு கூட்டிச் செல்ல வேண்டும். வில் பழுதான துப்பாக்கி ஒன்றும், குதிரை உடைந்த துப்பாக்கி ஒன்றும் அருகருகே கிடக்கும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க முடியாது. படைத்தலைவர்க்கு இது எத்தகைய எரிச்சலை மூட்டியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

இந்த எரிச்சல் முதலில் ஒரு கொள்கையாக உருவெடுத்த நாடு பிரான்சு. அங்கே கிறிபோவால் என்னும் தளபதி 1765 ஆம் ஆண்டுமுதல் பீரங்கிப் படையைச் சீர்திருத்தி, பீரங்கிகளையும் அவற்றின் வண்டிகளையும் சில அளவுகளுக்குள் அடக்கினார். அவருடைய ஆதரவைப் பெற்ற ஒனோறே பிளாங் என்னும் துப்பாக்கிக் கம்மியர், அதே ஒழுங்கைத் துப்பாக்கிப் பூட்டின் நுண்ணிய உறுப்புகளுக்குக் கொண்டுவர முயன்றார். உறுப்புகளை அச்சுகளில் அடித்து, தாங்கிகளிற் பிடித்து ராவி, அளவுமானிகளால் ஒப்பிட்டுப் பார்த்து முடிப்பதே அவர் முறை.

1785 ஆம் ஆண்டில் பாரிசில் ஐக்கிய அமெரிக்காவின் தூதராயிருந்தவர் தோமஸ் ஜெபர்சன். புதுமை எங்கிருந்தாலும் தேடிப்போகும் இயல்பினர் அவர். பிளாங்கின் பட்டறைக்குச் சென்றார். கழற்றப்பட்ட ஐம்பது பூட்டுகளின் உறுப்புகள் அறை அறையாகப் பிரித்த பெட்டிகளில் இருந்தன. கைக்கு வந்ததை வந்தபடி எடுத்துத் தாமே சில பூட்டுகளைப் பூட்டிப் பார்த்தார்; யாவும் செவ்வனே பொருந்தின. அவ்வாண்டு ஆகத்து 30 ஆம் நாள் ஜோன் ஜே என்பாருக்கு எழுதிய கடிதத்தில் இதனை விவரித்து, படைக்கலம் பழுதுபடும்போது இதனால் விளையும் நன்மை வெளிப்படை என்று குறித்துவிட்டார். கம்மியரல்லாத ஒருவர் கம்மியத்தின் பொருளை இவ்வளவு விரைவிற் பற்றிக்கொண்டது வியப்புக்குரியது. அவர் முதன்மையாகக் கண்டது மலிவை அன்று. திருத்தும் வசதியையே கண்டார். மலிவு பின்னால் வந்தது, அதுவும் மிகவும் பின்னால்.

பிளாங்கின் கதை துயரமானது. புரட்சியின் புயல் வீசிய ஆண்டுகளில் அவர் தம் முறையை விடாது நடத்தினார். ரோவான் என்னும் ஊரிலே தொழிற்சாலையும் கண்டார். ஆனால் துப்பாக்கி வணிகரும் கம்மியரும் அதை விரும்பவில்லை. அதற்கு நியாயமும் இருந்தது. எவர் செய்தாலும் ஒன்றுபோலிருக்கும் பொருளிலே தன் கைத்திறனுக்கு என்ன மதிப்பு என்று கம்மியன் கேட்பானல்லவா? 1801 ஆம் ஆண்டில் பிளாங் இறந்தார். சில ஆண்டுகளில் அரசும் அம்முறையைக் கைவிட்டது. பிரான்சு விதைத்ததை அமெரிக்கா அறுத்தது.

இங்கே நான் என் மாணவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியவனாயிருக்கின்றேன். பல்லாண்டுகள் வகுப்பிலே, "ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடிய உறுப்புகளைக் கண்டுபிடித்தவர் ஈலை விற்னி" என்று சொல்லிக்கொடுத்தேன். புத்தகங்கள் அவ்வாறே கூறின. நானும் ஆராயாமல் ஒப்பித்தேன். பஞ்சிலிருந்து விதை பிரிக்கும் பொறியால் புகழ்பெற்ற அதே விற்னி, 1798 ஆம் ஆண்டு சூன் மாதம், ஒன்றுக்கு 13 டொலர் 40 சதம் வீதம் 10,000 துப்பாக்கிகளை இரண்டாண்டுக்குள் செய்து தருவதாக அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்தார். அதற்கு முன் அவர் ஒரு துப்பாக்கியேனும் செய்தவரல்லர். தவணை கடந்தது. 1801 ஆம் ஆண்டு சனவரியில் தலைநகருக்குச் சென்று, அதிபர் ஜோன் அடம்சும் ஜெபர்சனும் முதலாயினோர் முன்னிலையில் பூட்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்திக் காட்டினார். அவையோர் மகிழ்ந்தனர், தவணை நீண்டது, முன்பணமும் கிடைத்தது. கடைசித் துப்பாக்கி கையளிக்கப்பட்டது 1809 ஆம் ஆண்டில்.

அவர் கையளித்த துப்பாக்கிகளை இருபதாம் நூற்றாண்டின் ஆராய்ச்சியாளர் கழற்றிப் பார்த்தபோது உண்மை வெளியாயிற்று. உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தவில்லை. ஒவ்வொன்றிலும் பழைய கம்மியர் குறிகளே காணப்பட்டன. 1960 ஆம் ஆண்டில் ரொபேர்ட் வூட்பெரி என்னும் வரலாற்றாசிரியர் விற்னியின் புகழை ஒரு கட்டுக்கதை என்றே எழுதிவிட்டார். தலைநகரிற் காட்டியவை அக்காட்சிக்கென்று முன்னரே இணக்கப்பட்டவையாக இருந்திருக்க வேண்டும். விற்னியை வஞ்சகர் என்று சொல்ல நான் துணியேன். செய்ய முடியும் என்று அவர் நம்பியிருக்கலாம். ஆனால் காட்சிக்கு வைத்த பத்துப் பூட்டும், பெட்டியில் அடைத்து அனுப்பிய பத்தாயிரமும் வேறுவேறாயிருந்தன.

உண்மையில் அதைச் செய்து முடித்தவர்களுடைய பெயர்களைப் பாடப் புத்தகங்கள் சொல்லுவதில்லை. கனெற்றிக்கட் மாநிலத்தைச் சேர்ந்த சைமியன் நோர்த் அவர்களில் ஒருவர். 1813 ஆம் ஆண்டில் 20,000 கைத்துப்பாக்கிகளுக்காக அவர் செய்த ஒப்பந்தத்திலே, எந்தத் துப்பாக்கியின் எந்த உறுப்பும் அந்த இருபதினாயிரத்தில் வேறெதற்கும் பொருந்துவதாயிருக்க வேண்டும் என்று ஒரு விதி எழுதப்பட்டது. அப்பொழுது அமெரிக்கா பிரித்தானியாவோடு போரிலிருந்தது. பழுதான படைக்கலங்கள் திருத்துவாரின்றிக் குவிந்த அனுபவத்தைப் படைக்கல அதிகாரிகள் மறக்கவில்லை. போர் முடிந்ததும் கேணல் வட்ஸ்வேர்த்தும், 1815 ஆம் ஆண்டில் ஸ்பிறிங்பீல்ட் படைக்கலச் சாலையின் தலைவராக வந்த ரொசுவெல் லீயும், இந்த ஒருமைப்பாட்டையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டனர்.

இவர்கள் கையாண்ட கருவிகளுள் தலையாயது எது என்று கேட்டால், பேரியந்திரம் எதையும் நான் காட்டமாட்டேன். மரக்கட்டையை ஒரு மாதிரியைத் தொடர்ந்து சென்று அதேபோலக் கடையும் தோமஸ் பிளான்சார்ட்டின் கடைசல் இயந்திரம் பெரும் புதுமைதான். சுழலும் பல்வெட்டியால் இரும்பைச் செதுக்கும் இயந்திரமும் அப்படியே. ஆயினும் எல்லாவற்றுக்கும் அடிப்படை அளவுமானி என்னும் சிறு எஃகுத் துண்டே. கடினமாக்கப்பட்ட ஒரு தகட்டிலே உறுப்பின் வடிவத்துக்குச் சரியாக ஒரு வாய் வெட்டப்பட்டிருக்கும். உறுப்பு அதில் நுழைந்தால் ஏற்கப்படும். நுழையாவிட்டால், அல்லது தளர்ந்து ஆடினால், தள்ளப்படும். கம்மியனுடைய கண்ணோ அனுபவமோ அங்கே பேசுவதில்லை. இரண்டு உறுப்புகளை ஒன்றுக்கொன்று இணக்குவதை விட்டு, இரண்டையும் ஒரு மூன்றாம் பொருளுக்கு இணக்குவது: இந்த எளிய மாற்றத்திலேதான் முழு இரகசியமும் அடங்கியிருக்கின்றது.

இதை முற்றும் நிறைவேற்றிக் காட்டியவர் ஜோன் ஹோல். குழலின் பின்புறமாக மருந்து இடும் துப்பாக்கி ஒன்றுக்கு 1811 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் அவர். 1819 ஆம் ஆண்டில், பொற்றோமக் ஆறும் செனந்தோவா ஆறும் கூடும் ஹாப்பேர்ஸ் பெரி என்னும் இடத்திலுள்ள அரசாங்கப் படைக்கலச் சாலையில் 1,000 துப்பாக்கிகள் செய்ய அவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. ஆண்டுகள் சென்றன, செலவு ஏறிற்று, அரசவையில் முறைப்பாடுகள் எழுந்தன. ஈற்றில் அவர் வேலையை ஆராய மூவர் கொண்ட குழு ஒன்று சென்றது. நூறு துப்பாக்கிகளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, உறுப்புகளைக் கலந்து, புதிய மரக்கட்டைகளிலே மீண்டும் பூட்டச் செய்தனர். யாவும் பொருந்தின. 1827 ஆம் ஆண்டில் அக்குழுவினர் கொடுத்த அறிக்கை, இத்தகைய ஒன்றைத் தாம் வேறெங்கும் கண்டதில்லை என்னும் கருத்துடையதாயிருந்தது. 1834 ஆம் ஆண்டளவில் ஹோலின் துப்பாக்கிகளை நோர்த்தும் தம்முடைய பட்டறையிற் செய்தார். பல நூறு மைல்களுக்கு அப்பாலிருந்த இரண்டு இடங்களிற் செய்த உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தின. உதிரிப்பாகம் என்று நாம் இன்று சொல்லும் பொருள் அன்றே முழுமையாகப் பிறந்தது என்பது என் கருத்து.

அது மலிவாகப் பிறக்கவில்லை. ஹோலின் துப்பாக்கி சாதாரணத் துப்பாக்கியிலும் விலை கூடியது. விலை பார்த்து வாங்கும் வேடனோ உழவனோ இதற்குப் பணம் கொடுத்திருக்கமாட்டான். போர்க்களத்திலே திருத்த வேண்டும் என்னும் ஒரே தேவைக்காக, இலாபம் கருதாது, முப்பது நாற்பது ஆண்டுகள் செலவழிக்கக்கூடியது அரசு ஒன்றே. வணிகப் போட்டியே எல்லாப் புதுமைக்கும் தாய் என்று சொல்வோர் இவ்விடத்திற் சற்று நின்று செல்வது நன்று.

கம்மியரை நாம் மறத்தலாகாது. ஹாப்பேர்ஸ் பெரியிலே அவர்கள் தம் விருப்பம்போல வந்து போய், துண்டு வேலைக்குக் கூலி பெற்று, தம் கைத்திறனில் இறுமாந்து வாழ்ந்தவர்கள். 1829 ஆம் ஆண்டில் தோமஸ் டன் என்பவர் தலைவராக வந்து கடும் ஒழுங்குகளை விதித்தார். அடுத்த ஆண்டு சனவரியில், வேலையினின்று நீக்கப்பட்ட கம்மியன் ஒருவன் அவரை அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றான். பின்னர் 1842 ஆம் ஆண்டில், மணிக்கூட்டுக்குக் கட்டுப்பட்டு உழைக்க வேண்டும் என்ற ஆணையை எதிர்த்துக் கம்மியர் வேலையை நிறுத்தி, கால்வாய்ப் படகொன்றை வாடகைக்கு அமர்த்தித் தலைநகருக்குச் சென்று அதிபர் ரைலரிடம் முறையிட்டனர். அவர் அன்பாகப் பேசினார், ஆணையை மாற்றவில்லை. அவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். தன் கையால் ஒரு முழுப் பூட்டை உருவாக்கிய தந்தையின் மகன், ஒரே கொக்கியின் ஒரே பக்கத்தை நாள் முழுவதும் செதுக்கும் இயந்திரத்தைக் காவல் செய்தான். பழுதான துப்பாக்கி எளிதிலே திருந்திற்று. அதன் விலையைச் செலுத்தியவர்களுள் இவர்களும் இருந்தனர்.

1840 களின் நடுப்பகுதியிலிருந்து ஸ்பிறிங்பீல்டும் ஹாப்பேர்ஸ் பெரியும், 1842 ஆம் ஆண்டு மாதிரி எனப்படும் துப்பாக்கியை உறுப்புக்கு உறுப்பு மாற்றிப் பொருத்தும் வகையில் ஆயிரக் கணக்கிற் செய்தன. இங்கிலாந்து இதைப் பற்றி அறிந்தது 1851 ஆம் ஆண்டில், இலண்டன் பளிங்கு மாளிகைப் பொருட்காட்சியிலே. ரொபின்ஸ் லோரன்ஸ் என்னும் வேர்மொண்ட் மாநில நிறுவனம், உறுப்புகள் மாறிப் பொருந்தும் ஆறு துப்பாக்கிகளை அங்கே வைத்திருந்தது. ஆங்கிலேயர் பலர் நம்பவில்லை. அந்நாட்டின் துப்பாக்கிகள் அப்போது பேர்மிங்காம் நகரத்துச் சிறு பட்டறைகளிற் செய்யப்பட்டன. பூட்டு ஒருவர், குழல் ஒருவர், கட்டை ஒருவர் என்று பல்வேறு தொழிலாளர் கைமாறி ஒரு துப்பாக்கி உருவாகும். கிரைமியாப் போர் மூண்டதும் அம்முறையின் தாமதம் அரசுக்குப் பெருந் தலையிடியாயிற்று.

1854 ஆம் ஆண்டில் ஜோன் அண்டர்சன் முதலியோரைக் கொண்ட குழு ஒன்று அமெரிக்கா சென்றது. ஸ்பிறிங்பீல்டில் அவர்கள் வைத்த சோதனையை என் வகுப்புகளில் நான் விரும்பிச் சொல்லுவதுண்டு. 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாகப் பத்துத் துப்பாக்கிகளைக் களஞ்சியத்திலிருந்து தாமே தெரிந்தெடுத்தனர். அவற்றைத் தம் கண்முன்னே கழற்றுவித்து, உறுப்புகளைப் பெட்டிகளில் இட்டுக் கலந்தனர். பின்னர் எந்த உறுப்பை எடுப்பது என்பதையும் தொழிலாளியிடம் விடாது, தாமே கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தனர். தொழிலாளி கையில் இருந்தது ஒரு திருப்புளி மட்டுமே, அரம் இல்லை. பத்துத் துப்பாக்கிகளும் பழையபடி உருப்பெற்றன. விற்னியின் காட்சியோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே காட்டுபவர் தெரிந்தெடுத்தார். இங்கே ஐயுறுபவர் தெரிந்தெடுத்தார்.

குழுவினர் இயந்திரங்களை வாங்கினர். ஹாப்பேர்ஸ் பெரியிற் பணிபுரிந்த ஜேம்ஸ் பேர்ட்டன் என்பவரையும் வேலைக்கமர்த்தி, என்பீல்டிலுள்ள அரச தொழிற்சாலையைப் புதுக்கினர். 1853 ஆம் ஆண்டு மாதிரி என்பீல்ட் துப்பாக்கி அங்கே இயந்திரத்தால் உருவாகத் தொடங்கிற்று. 1857 ஆம் ஆண்டு இந்தியக் கிளர்ச்சியில் தோட்டாவின் கொழுப்பால் பெயர் கெட்டது இத்துப்பாக்கிதான். வெளித்தோற்றம் ஒன்றாயிருப்பினும், என்பீல்டில் இயந்திரத்தாற் செய்ததும் பேர்மிங்காம் பட்டறைகளில் கையாற் செய்ததும் உறுப்பளவில் வேறானவை. 1861 இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பாரும் பேர்மிங்காம் துப்பாக்கிகளை இலட்சக் கணக்கில் வாங்கினர்; பழுதானபோது திருத்துவதற்குப் பட்ட பாட்டிலே, ஒன்றுபோலத் தோன்றுவது வேறு, ஒன்றாயிருப்பது வேறு என்று உணர்ந்தனர்.

இதே 1861 ஆம் ஆண்டில் பேர்மிங்காம் கம்மியர் சிலர் காலத்தின் போக்கை உணர்ந்து, இயந்திரத்தால் துப்பாக்கி செய்வதற்கென ஒரு கூட்டுத் தொழிற்சாலை தொடங்கினர். பேர்மிங்காம் சிறு படைக்கலக் கம்பனி என்பது அதன் பெயர். பீ. எஸ். ஏ. என்னும் எழுத்துகள் அதன் சுருக்கமே.

அளவுமானி எல்லாவற்றையும் வென்றுவிட்டது என்றும் எண்ணவேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து நான்காம் இலக்க லீ என்பீல்ட் துப்பாக்கியின் தாழ்ப்பாளுக்கு, 0 முதல் 3 வரை எண்ணிட்ட நான்கு நீளங்களில் தலைப்பாகங்கள் உண்டு. தேய்ந்த துப்பாக்கிக்குச் சற்று நீண்ட தலையைத் திருத்துநர் அளந்து தெரிந்து பூட்டுவார். தாழ்ப்பாளிலும் துப்பாக்கியின் இலக்கமே பொறிக்கப்பட்டிருக்கும். இடைவெளி மிகுந்தால் தோட்டா உறை கிழிந்து சுடுபவனுக்கே கேடு விளையும். பழைய பாடசாலைக் கடெற் படைப் பொறுப்பாசிரியர் ஒருவர், துப்பாக்கி துடைக்கும் நாட்களில் பையன்கள் தாழ்ப்பாள்களை மாற்றிவிடாதபடி காப்பதே தமக்குப் பெரும்பாடு என்று என்னிடம் சொன்னார். பதினெட்டாம் நூற்றாண்டுக் கம்மியனின் குறி இருபதாம் நூற்றாண்டிலும் ஓரிடத்திலே ஒளிந்திருந்தது.

இனிப் பையனுடைய கேள்விக்கு வருவோம். போர் ஓய்ந்த காலங்களில் துப்பாக்கிக்குக் கட்டளை வராது. இயந்திரங்கள் சும்மா நிற்கும். ஆதலால் 1880 ஆம் ஆண்டளவில் பீ. எஸ். ஏ. கம்பனி துவிச்சக்கர வண்டிகளையும் அவற்றின் உறுப்புகளையும் செய்யத் தொடங்கிற்று. துப்பாக்கிக்குப் பழகிய அளவுமானியே வண்டியின் அச்சுக்கும் கிண்ணத்துக்கும் உதவியது. சின்னத்தை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. 1957 ஆம் ஆண்டில் வண்டித் தொழிலை ரலி கம்பனிக்கு விற்றுவிட்டனர். ஆயினும் மிதிகட்டை அச்சின் கிண்ணத்துக்கு அவர்கள் வகுத்த, அங்குலத்துக்கு 24 புரி கொண்ட திருகு அளவு, இன்றும் உலகமெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகின்றது.

வடக்கே பொருள்கள் வருவது அரிதாயிருந்த 1990 களிலே என் வண்டியின் அக்கிண்ணம் வெடித்துவிட்டது. புதியது எங்கும் கிடைக்கவில்லை. அதே சந்திக் கடைக்காரர் முதலில் ஒரு ரலிக் கிண்ணத்தை எடுத்துத் திருகிப் பார்த்தார், அது ஏறவில்லை. ரலியின் திருகு 26 புரி. பின்னர் ஏணி வைத்து ஏறி, கூரையிலே தொங்கிய அந்தப் பழைய சட்டத்திலிருந்து ஒரு கிண்ணத்தைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, இந்தியாவிற் செய்த என் வண்டியிற் கையாலேயே திருகினார். அரம் வேண்டியிருக்கவில்லை.